ரோந்து போகிறவர் இடுப்பில் துப்பாக்கி எதற்கு?

வேம்படி (டல்லாஸ்):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பில் 140 வீடுகள். தீபாவளி கழிந்து மூன்று வாரத்துக்குள் நாலு வீட்டை உடைத்துவிட்டார்கள். அதில் மூன்று நம்மவர்கள் வீடு. டிவி, லேப்டாப் எதையும் தொடவில்லை. அலமாரியில் புடவைக்கு அடியில் இருந்த நகைப் பெட்டி மட்டும் போயிருக்கிறது. போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டது, போய்விட்டது.

வருகிற வியாழக்கிழமை ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) கூட்டம். இரவு 9 மணியிலிருந்து 1 மணி வரை இரண்டிரண்டு பேராக ரோந்து போக ஒரு குழு அமைக்கலாம் என்று தீர்மானம் வருகிறது. அதுவரை யாருக்கும் மறுப்பில்லை. "சொந்தத் துப்பாக்கி உள்ளவர்கள் ரோந்துக்குக் கொண்டு வரலாம்" என்று ஒருவர் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார், சண்டை அதில்தான். இங்கே 2021 செப்டம்பரிலிருந்து 21 வயது நிரம்பியவர் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. நான் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஆனால் வீடு உடைபட்ட மூன்று பேரும் நண்பர்கள், அவர்கள் முகத்தைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்லவும் வாய் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்த மாதம் வந்து ஆறு மாதம் இருக்கப் போகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ராசு_ஹூஸ்டன்:

தம்பி, யோசிக்காதீர்கள். அந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

நம் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது இங்குள்ள திருடர்களுக்கு மனப்பாடம். 2011-லிருந்து 2014 வரை ஜார்ஜியா, நியூயார்க், நியூஜெர்சி, மிச்சிகன், டெக்ஸாஸ் என்று ஐந்து மாநிலங்களில் ஒரு கும்பல் இந்திய, ஆசியக் குடும்பங்களாகப் பார்த்துப் பார்த்துக் கொள்ளையடித்தது. ஆள் இருக்கும்போதே வீட்டுக்குள் புகுந்து, துப்பாக்கியைக் காட்டி, டேப் சுற்றிக் கட்டிப் போட்டார்கள். தலைவி எங்கள் ஹூஸ்டன்காரி. ஃபெடரல் நீதிமன்றம் அவளுக்கு 37 வருடம் கொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று என் மனைவி தாலிக்கொடியைக் கழற்றி வங்கி லாக்கரில் வைத்தாள். இருபத்திரண்டு வருடம் கழுத்தில் கிடந்தது. இன்றுவரை மஞ்சள் கயிறுதான்.

போலீஸ் இருக்கிறதே என்பீர்கள். கொலராடோவில் காஸில் ராக் என்று ஓர் ஊர். கணவன் கிட்டே வரக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு வாங்கி வைத்திருந்த ஒரு தாய், அவன் மூன்று பெண்பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போன இரவில் போலீஸுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தாள். அவர்கள் அசையவில்லை. மூன்று குழந்தைகளும் செத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005-ல் வந்த தீர்ப்பு என்ன தெரியுமா? அந்த உத்தரவைப் போலீஸ் நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று கேட்க அவளுக்கு அரசியல் சட்ட உரிமை கிடையாது. காப்பாற்றுவது தன் கட்டாயமில்லை என்று இந்த நாடே எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு, இருட்டில் நிற்கப் போகிற மனிதன் கையில் டார்ச்சை மட்டும் கொடுத்து அனுப்புவது அநியாயம்.

கயல்_ஒர்லாண்டோ:

ராசு அண்ணா, உங்கள் வீட்டுக் கதை மனதைப் பிசைகிறது. இருந்தாலும் நான் எதிர்ப்பக்கம்தான். புளோரிடாவின் சான்ஃபோர்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கிறது என் வீடு. 2012-லும் இங்கேதான் இருந்தேன். அங்கே காவல் குழுக்காரர் ஒருவர் 17 வயதுப் பையனைச் சுட்ட வழக்கை நாள் தவறாமல் பார்த்தவள்.

வேம்படி, உங்கள் குடியிருப்பு இப்போது இருக்கிற நிலைமையில்தான் அந்தக் குடியிருப்பும் இருந்தது. கேட் போட்ட டவுன்ஹவுஸ் வளாகம். ஒன்றன்பின் ஒன்றாகத் திருட்டு. 2011 ஆகஸ்டில் ஓர் இளம் தாய் கைக்குழந்தையோடு மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒளிந்திருக்க, கீழே வீட்டை உடைத்தவர்கள் உலாவினார்கள். அதற்கடுத்த மாதமே அக்கம்பக்கக் காவல் குழு தொடங்கினார்கள். ஜார்ஜ் ஸிம்மர்மேன் ஒருங்கிணைப்பாளர். சான்ஃபோர்ட் போலீஸிலிருந்து ஒரு பெண் அலுவலர் வந்து வகுப்பும் எடுத்தார். பின்னால் போகாதீர்கள், நேருக்கு நேர் நிற்காதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிக் கொடுத்ததாக அவரே பிறகு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். ஆக, பயம் உண்மை, திருட்டு உண்மை, பயிற்சியும் நடந்தது.

பிப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை, தூறல். 17 வயது ட்ரேவான் மார்ட்டின் அந்த வளாகத்தில் ஒரு வீட்டில் அப்பாவோடு தங்கியிருந்த விருந்தாளிப் பையன். கடைக்குப் போய் ஒரு பாக்கெட் ஸ்கிட்டில்ஸ் மிட்டாயும் ஒரு கேன் ஜூஸும் வாங்கிக்கொண்டு, போனில் பேசியபடி திரும்பி வருகிறான். மாலை 7:09-க்கு ஸிம்மர்மேன் போலீஸைக் கூப்பிடுகிறார். மழை பெய்கிறது, இவன் சும்மா நடக்கிறான், சுற்றுமுற்றும் பார்க்கிறான், போதை ஏதாவது போட்டிருக்கலாம் என்கிறார். பின்னால் போகிறீர்களா என்று மறுமுனை கேட்கிறது. ஆமாம் என்கிறார். அது எங்களுக்குத் தேவையில்லை என்கிறது மறுமுனை. 7:17 வாக்கில் முதல் போலீஸ்காரர் வந்துவிட்டார். அதற்குக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் முன்னால் பையன் மார்பில் குண்டு பாய்ந்துவிட்டது.

எட்டு நிமிடம். வண்டியிலேயே எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும். போலீஸ் வந்து கேட்டிருக்கும், பையன் வீட்டைக் காட்டியிருப்பான், அவ்வளவுதான் கதை.

நான் திரும்பத் திரும்ப யோசிக்கிற கேள்வி ஒன்று உண்டு. இருட்டு, மழை, எதிரே போகிறவன் போதையில் இருக்கலாம் என்று தன் வாயாலேயே சொல்கிறார். அப்படிப்பட்டவன் பின்னால் வெறுங்கையோடு யாராவது வண்டியை விட்டு இறங்குவார்களா? இடுப்பில் இருந்த 9 எம்.எம். துப்பாக்கிதான் அவரை இறக்கியது. அது அவரைக் காப்பாற்ற அங்கே இருந்தது என்று நீங்கள் சொல்வீர்கள், அண்ணா. காப்பாற்ற வேண்டிய நிலைமைக்கு அவரைக் கூட்டிப்போனதும் அதுதான்.

இளம்பரிதி:

நான் சட்டம் படித்து இப்போது வேறு வேலை பார்ப்பவன். இரண்டு பக்கமும் விட்டுப் போனதைச் சொல்கிறேன், கயல் கோபிக்க வேண்டாம்.

முதலாவது, அந்த மாலை ஸிம்மர்மேன் ரோந்தில் இல்லை. மளிகை வாங்கக் கடைக்குக் கிளம்பியவர். ஆக, ரோந்துக்கு ஆயுதம் வராது என்று சங்கம் விதி போட்டிருந்தாலும் அன்று அது அவரைக் கட்டுப்படுத்தியிருக்காது.

இரண்டாவது, "தேவையில்லை" என்று சொன்னவர் போலீஸ் அதிகாரி அல்ல, போன் எடுத்த பணியாளர். பொறுப்பு தங்கள் தலையில் விழும் என்பதால் நாங்கள் யாருக்கும் கட்டளை இடுவதில்லை என்று அவரே சாட்சி சொன்னார்.

மூன்றாவது, பையன் நிறத்தை ஸிம்மர்மேன் தானாகச் சொன்னது போல ஒரு தொலைக்காட்சி ஒலிப்பதிவை வெட்டி ஒட்டி, பிறகு மன்னிப்புக் கேட்டது. உண்மையில் வெள்ளையரா, கறுப்பரா, ஹிஸ்பானிக்கா என்று மறுமுனை கேட்ட பிறகுதான் அந்தப் பதில் முதலில் வந்தது. ஸிம்மர்மேனுக்கு மூக்கில் காயம், பின்தலையில் வெட்டு. கருப்பு உடை போட்டவர்தான், அதாவது பையன்தான், மேலே இருந்தார் என்று அங்கே குடியிருந்த ஒருவரும் சாட்சி சொன்னார்.

இவ்வளவையும் வைத்துத்தான் ஆறு பெண்கள் கொண்ட ஜூரி 2013 ஜூலை 13 அன்று விடுதலை செய்தது. பலர் நினைப்பது போல 'ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட்' (பின்வாங்காமல் நின்று தற்காத்துக்கொள்ளும் உரிமை) விலக்கு விசாரணையை அவர் தரப்பு கேட்கவே இல்லை. சாதாரணத் தற்காப்பு வாதம்தான். ஆனால் பின்வாங்க வேண்டிய கடமை இல்லை என்ற 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம் ஜூரிக்கு வாசித்த குறிப்பில் இருந்தது. வம்பைத் தொடங்கியவர் யார் என்று பார்க்கச் சொல்லும் பகுதியைச் சேர்க்க அரசுத் தரப்பு கேட்டது, நீதிபதி மறுத்தார். எனவே ஜூரி பார்த்தது கடைசிச் சில விநாடிகளை. கயல் சொல்லும் எட்டு நிமிடம் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை. ஜூரியில் இருந்த ஒருவர் பின்னால் தொலைக்காட்சியில், சட்டப்படி எங்களால் தண்டிக்க முடியவில்லை, மனதளவில் அவர் குற்றவாளிதான் என்று கண்ணீர் விட்டார்.

வேம்படிக்கு வேண்டிய தகவல் இது: பையனின் பெற்றோர் அந்தக் குடியிருப்பின் சங்கத்தின் மேல் உரிமை கோரினார்கள். சமரசம் ஆனது. தொகை வெளியிடப்படவில்லை, பத்து லட்சம் டாலருக்கு மேல் என்று செய்தி வந்தது. சுட்டவர் விடுதலை, பணம் கட்டியது சங்கம்.

ராசு_ஹூஸ்டன்:

இளம்பரிதி சொன்னதில் முதல் பாயிண்ட்தான் என் பாயிண்டும். ரோந்தில் இல்லாதவர் செய்ததற்காக ரோந்து போகிற எல்லோரையும் வெறுங்கையாக அனுப்புவதா?

துப்பாக்கி இல்லாவிட்டால் சந்தேகம் சும்மா இருக்குமா, கயலம்மா? 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம் அத்திமூரில் என்ன நடந்தது? குலதெய்வம் கோயிலுக்கு வழி தேடிப் போன சென்னை அம்மா, 65 வயது. வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவள் என்று வாட்ஸாப்பில் வந்த வதந்தியை நம்பி ஊரே கூடி அடித்துக் கொன்றது. எத்தனை துப்பாக்கி இருந்தது அங்கே? ஒன்றுகூட இல்லை. கெட்ட புத்திக்குக் கையும் காலும் போதும்.

1992-ல் லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தபோது கொரியா டவுனைப் போலீஸ் கைவிட்டது. இரண்டாயிரத்துக்கும் மேல் கொரியர் கடைகள் சூறையாடப்பட்டன. கூரை மேல் துப்பாக்கியோடு நின்றவர்கள் கடை தப்பியது. அவர்களும் தன்னார்வலர்கள்தான். நம்மைப் போல நிறம் மாறி, மொழி மாறி வந்து பிழைக்கிறவர்கள்தான்.

பொன்னி_அட்லாண்டா:

நான் இங்கே எழுதுவது அபூர்வம். இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

எங்கள் ஜார்ஜியா மாநிலத்தில் 2020 பிப்ரவரி 23 அன்று, பிரன்ஸ்விக் ஊருக்கு வெளியே சட்டில்லா ஷோர்ஸ் என்ற குடியிருப்பில், ஓட்டப் பயிற்சியில் இருந்த 25 வயது அஹ்மத் ஆர்பெரியை ஒரு தகப்பனும் மகனும் பிக்கப் வண்டியில் துரத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு வண்டியில் பின்னால் வந்து வழி மறித்தார். நாலைந்து நிமிடம் மாட்டை மடக்குவது போல மடக்கி, கடைசியில் மகன் ஷாட்கன்னால் சுட்டான். என்ன குற்றம்? அங்கே கட்டி முடிக்காத ஒரு வீடு இருந்தது. ஆர்பெரி அதற்குள் போய் எட்டிப் பார்ப்பான். கேமராவில் பதிவாகியிருக்கிறது. ஓர் ஆணிகூட எடுத்ததில்லை. நம் ஊரில் புதுவீடு கட்டினால் தெருவில் போகிறவர் எல்லாம் உள்ளே நுழைந்து ரூம் எத்தனை என்று பார்க்க மாட்டார்களா?

இதில் எனக்கு வயிற்றைக் கலக்கிய விஷயம் வேறு. அதற்கு இரண்டு மாதம் முன்பு, அந்த வீட்டின் சொந்தக்காரருக்குப் போலீஸ்காரர் ஒருவரே செய்தி அனுப்பியிருக்கிறார்: கேமராவில் யாராவது தெரிந்தால் பக்கத்தில் இருக்கும் இன்னாரைக் கூப்பிடுங்கள், ஓய்வுபெற்ற சட்டத் துறை ஆள், இரவு பகல் எப்போதும் வருவார் என்று. அந்த இன்னார்தான் சுட்டவனின் தகப்பன். காவல் இப்படித்தான் கை மாறுகிறது, யாரும் தீர்மானம் போட்டு அல்ல.

74 நாள் ஒருவரையும் கைது செய்யவில்லை. வீடியோ வெளியே வந்த பிறகுதான் செய்தார்கள். அதுவரை அவர்களுக்குக் கவசமாக இருந்தது 1863-ஆம் ஆண்டுச் சட்டம். நியாயமான சந்தேகம் இருந்தால் தப்பி ஓடுகிற குற்றவாளியைக் குடிமகனே பிடிக்கலாம் என்றது. அடிமைகள் தப்பி ஓடிய காலத்துச் சட்டம். 2021 மே மாதம் அதை நீக்கினார்கள். அந்த நவம்பரில் மூன்று பேர் மேலும் குற்றம் உறுதியானது. மூவருக்கும் ஆயுள்.

என் மகனுக்கு 16 வயது. பள்ளி ஓட்ட அணியில் இருக்கிறான். கறுப்பு நிறம், நெடுநெடுவென்று இருப்பான், மாலையில் தினம் ஐந்து மைல். அந்த வருடத்திலிருந்து பள்ளிப் பெயர் பெரிதாக எழுதிய மஞ்சள் பனியனைப் போடாமல் வாசல் தாண்ட விடுவதில்லை. ஏன் என்று இன்னும் அவனுக்கு முழுசாகச் சொல்லவில்லை. ராசு அண்ணா, உங்கள் பயம் திருடனைப் பற்றி. என் பயம் உங்களைப் போன்ற நல்லவர்களைப் பற்றி. தப்பாக நினைக்காதீர்கள்.

ராசு_ஹூஸ்டன்:

தப்பாக நினைக்கவில்லை தங்கச்சி. ஆனால் அந்த மூன்று பேரையும் என்னோடு சேர்க்காதே. துரத்திப் போய்ச் சுட்டவனைக் கொலைகாரன் என்றுதான் நானும் சொல்கிறேன். என் கையில் துப்பாக்கி இருந்து பதினாறு வருடம் ஆகிறது. மாதம் ஒரு முறை பயிற்சிக் கூடம் போகிறேன். ஒரு தடவைகூட வெளியே எடுத்ததில்லை. என்னைப் போன்றவர்கள் செய்தியில் வருவதில்லை, அதனால் நாங்கள் இல்லை என்று ஆகிவிடாது.

கயல்_ஒர்லாண்டோ:

அண்ணா, கொரியா டவுன் பற்றிச் சொன்னீர்கள். அந்தக் கலவரத்தில் ஒரு கொரிய இளைஞன் செத்தான், 18 வயது. கடைகளைக் காக்க நண்பர்களோடு கிளம்பிப் போனவன். அவனைச் சுட்டது கொள்ளைக்காரர்கள் இல்லை. சூறையாட வந்தவன் என்று நினைத்து, கடை காத்து நின்ற கொரியர்களே சுட்டார்கள். தங்கள் இனம், தங்கள் முகம், தங்கள் மொழி. இருட்டிலும் பதற்றத்திலும் அதுவே அடையாளம் தெரியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பாட்டிகள் சும்மா சொல்லவில்லை.

அத்திமூர் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை, அதை நினைத்தால் இன்றும் தலை குனிகிறது. ஆனால் அடித்துக் கொல்ல ஒரு கூட்டம் வேண்டும், நேரம் வேண்டும். அதற்குள் யாராவது ஒருவர் குறுக்கே விழுந்து தடுக்க வாய்ப்பாவது உண்டு. துப்பாக்கிக்கு ஓர் ஆளும் ஒரு விநாடியும் போதும். சந்தேகம் தப்பு என்று தெரிய வரும்போது பேச எதிரே ஆள் இருக்க மாட்டான். சான்ஃபோர்டில் நடந்த கதையில் நாம் கேட்டது ஒருவர் சொன்னதை மட்டும்தான்.

குமரன்_கே (சான் ஹோசே):

ராசு சார் ஹூஸ்டன் என்பதால் கேட்கிறேன். 2007-ல் பக்கத்துப் பாஸடீனாவில் ஒருவர், அடுத்த வீட்டை உடைத்துப் பையோடு வெளியே வந்த இருவரைச் சுட்டுக் கொன்றாரே? வெளியே போகாதீர்கள் என்று 911-ல் எத்தனை முறை கெஞ்சினார்கள்! அது சரியா?

ராசு_ஹூஸ்டன்:

அவர்கள் உண்மையான திருடர்கள். சந்தேகம் இல்லை, கண்ணால் பார்த்த திருட்டு. கிராண்ட் ஜூரி அவர் மேல் வழக்கே போடவில்லை. சில நிலைமைகளில் சொத்தைக் காக்க உயிர் போகும் அளவுக்குப் பலம் பிரயோகிக்க டெக்ஸாஸ் சட்டம் இடம் தருகிறது. நான் என்றால் செய்திருப்பேனா என்று கேட்டால்... அடுத்த வீட்டுச் சாமானுக்காகச் செய்திருக்க மாட்டேன். உள்ளே பிள்ளைகள் இருந்தால் செய்திருப்பேன்.

இளம்பரிதி:

ராசு அண்ணா இப்போது சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. "சந்தேகம் இல்லை, கண்ணால் பார்த்தது." அந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வோம்.

சந்தேகத்தை வைத்து ஒருவரை நிறுத்த இந்த நாட்டுப் போலீஸுக்கே எல்லை உண்டு. 1968-ல் டெர்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. கிளீவ்லாந்தில் ஒரு துப்பறியும் அதிகாரி, 39 வருட அனுபவம் உள்ளவர். இரண்டு பேர் ஒரே கடைக் கண்ணாடியை மாறி மாறிப் பத்துத் தடவைக்கு மேல் எட்டிப் பார்த்துப் பார்த்துத் திரும்புவதைக் கவனித்தார். பிறகுதான் போய் நிறுத்தினார். நீதிமன்றம் அதை ஏற்றது, கூடவே ஒரு நிபந்தனை போட்டது. இன்னது, இன்னது என்று எடுத்துச் சொல்லக்கூடிய குறிப்பான உண்மைகள் வேண்டும், மனதில் தோன்றிய வெறும் ஊகம் போதாது. சம்பளம் வாங்கி, பயிற்சி பெற்ற அதிகாரிக்கே இந்தக் கட்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு பவர்பாயின்ட் பார்த்துவிட்டு வரும் நமக்கு அதைவிடக் குறைவாகவா இருக்க வேண்டும்?

நடைமுறையில் ஒரு வழி சொல்கிறேன். அக்கம்பக்கத்தார் தகவல் பகிரும் நெக்ஸ்ட்டோர் செயலியில் ஓக்லாந்துக்காரர்கள், எங்கள் தெருவில் கறுப்பர் ஒருவர் நடக்கிறார் என்பதே புகாராக வருகிறது என்று போராடினார்கள். 2016-ல் அந்த நிறுவனம் படிவத்தையே மாற்றியது. இனத்தைக் குறிப்பிட்டால் உடை, செருப்பு, தலைமுடி என்று வேறு அடையாளமும் தரவேண்டும். முதலில் கேட்பது, அந்த ஆள் என்ன செய்தார் என்பது. எழுத உட்கார்ந்தவுடன் பலருக்கு, எழுத ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடுகிறது.

சுந்தரேசன்_எடிசன்:

இங்கே நான்தான் மூத்தவன் என்று நினைக்கிறேன், 71 வயது. ஆறு வருடமாக எங்கள் தெருவில் ரோந்து போகிறேன். துப்பாக்கி எங்கள் குழுவில் ஒருவரிடமும் இல்லை. நாட்டின் ஷெரிஃப்கள் சங்கம் 1972-ல் இந்த அக்கம்பக்கக் காவல் திட்டத்தைத் தொடங்கிய அமைப்பு. அவர்கள் கையேட்டிலேயே ரோந்து போகிறவர் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. சுற்றறிக்கை போட்ட பாவனையில் அல்ல, வேலையே அதுதான் என்பதால். கண்ணும் காதும் மட்டும் நாம், கை போலீஸ்.

என்ன செய்கிறோம் என்று கேளுங்கள். ஒளிரும் மேல்சட்டை, டார்ச், போன். எப்போதும் இரண்டு பேர். திறந்து கிடக்கும் கராஜ் கதவைக் கண்டால் அந்த வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்வோம். எங்கள் ஆறு வருடத்தில் அதிகம் செய்தது அதுதான். எரியாத தெருவிளக்கின் கம்ப எண்ணைக் குறித்துக் கொடுப்போம். தெரியாத வண்டி ரொம்ப நேரம் நின்றால் நம்பரை எழுதிக்கொள்வோம். தெரியாத ஆள் வந்தால், குட் ஈவினிங் சொல்வோம். திருட வந்தவனுக்குத் தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் போதும், போய்விடுவான். விருந்தாளியாக வந்தவருக்கு அது வெறும் குட் ஈவினிங். ஸிம்மர்மேன் அந்தப் பையனைப் பார்த்துக் கண்ணாடியை இறக்கி, தம்பி எந்த வீட்டுக்குப் போகிறாய், மழையாக இருக்கிறதே என்று கேட்டிருந்தால்? அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை என்னால்.

மதுரையில் கோவலனை வெட்டியபோது நடந்ததும் இதுதானே. பார்க்க வந்த காவலர்கள் முதலில், இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்றுதான் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற பொற்கொல்லன் கள்வர்கள் எப்படியெல்லாம் வேஷம் போடுவார்கள் என்று விலாவாரியாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவருக்கும் அச்சம் ஏறியது. அவர்களில் ஒருவன், கல்லாத குடிகாரன், கையில் வாள் இருந்தது, வீசிவிட்டான். மற்றவர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

வேம்படி, உங்கள் அப்பா அம்மா வருகிறார்கள் என்றீர்கள். 2015 பிப்ரவரி, அலபாமாவில் மேடிசன். பேரனைப் பார்த்துக்கொள்ளக் குஜராத்திலிருந்து வந்த 57 வயது மனிதர் காலையில் மகன் வீட்டு வாசலிலிருந்து வாக்கிங் போனார். ஒல்லியான கறுப்பன் ஒருவன் வீடுகளை எட்டிப் பார்த்துக்கொண்டு போகிறான் என்று அக்கம்பக்கத்தார் ஒருவர் போன் செய்துவிட்டார். வந்த போலீஸ்காரரிடம் அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இந்தியா, வாக்கிங் என்று சொன்னார். தரையில் அடித்து வீழ்த்தியதில் தண்டுவடம் அடிபட்டு உடம்பு ஓரளவு செயலிழந்தது. போலீஸ்காரர் விடுதலையாகிவிட்டார். நகராட்சி பிறகு 17.5 லட்சம் டாலர் கொடுத்தது. அங்கே துப்பாக்கி வெடிக்கவில்லை. வெறும் போன்தான். அந்தப் போனே இவ்வளவு செய்யும்.

வேம்படி (டல்லாஸ்):

சுந்தரேசன் ஐயா எழுதியதைப் படித்த பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்பா காலையில் நாலரைக்கு எழுந்துவிடுவார். குளிருக்கு மங்கி குல்லா, கழுத்தில் மஃப்ளர், வேட்டிக்கு மேல் என் பழைய ஜாக்கெட். வழியில் யார் வீட்டு வாசலில் என்ன செடி வைத்திருக்கிறார்கள் என்று நின்று குனிந்து பார்ப்பார். பூவைத் தொட்டும் பார்ப்பார். அவர் சுபாவமே அது.

சங்கம் பணம் கட்டியதை இளம்பரிதி சொன்னாரே, அதனால் எங்கள் சங்கத்தின் காப்பீட்டைப் பற்றிக் கேட்டேன். ஆயுதத்தோடு நடக்கும் ரோந்துக்கு அது பொருந்துமா என்று தலைவருக்கே தெரியவில்லை. கூட்டத்தில் அதைத்தான் முதலில் எழுப்பப் போகிறேன்.

ராசு_ஹூஸ்டன்:

அப்பாவை நாலரைக்குத் தனியாக அனுப்பாதே தம்பி. நீயும் கூடப் போ. நான் சொன்னதில் ஒரு வார்த்தையையும் திரும்ப எடுக்கவில்லை. ஆனால் பின்தொடரக் கூடாது, வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று ஒரு விதி எழுதினால் அதில் நான் முதல் கையெழுத்துப் போடுவேன். துப்பாக்கி இருக்கிறவனுக்குத்தான் அந்த விதி இன்னும் அவசியம்.

பொன்னி_அட்லாண்டா:

நன்றி அண்ணா.

வேம்படி (டல்லாஸ்):

கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன். காப்பீடு என்றதும் பாதிப் பேர் பக்கம் மாறினார்கள். துப்பாக்கி பற்றிய வரி தீர்மானத்திலிருந்து போய்விட்டது. ராசு அண்ணா சொன்ன பின்தொடராதே விதியும், இளம்பரிதி சொன்ன "என்ன செய்தார்" படிவமும் சேர்ந்தன. சுந்தரேசன் ஐயாவின் குட் ஈவினிங்கையும் சேர்க்கச் சொன்னேன், சிலர் முகம் சுளித்தார்கள், பிறகு சரி என்றார்கள்.

ஆனால் தடை என்று எதையும் எழுத முடியவில்லை. அந்த வரியைக் கொண்டுவந்தவர் வெளியே வரும்போது என்னிடம், விதி என்னவோ இருக்கட்டும், நான் இல்லாமல் போக மாட்டேன், சட்டைக்குள் இருப்பது யாருக்குத் தெரியப் போகிறது என்றார். நல்ல மனிதர். போன மாதம் உடைபட்ட வீடு அவருடையதுதான்.

அவருக்குச் செவ்வாய்க்கிழமை இரவு. ஜோடிக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.